பதினோரு மணிக்காகச் சேர்த்த பணம்

எங்கள் தெருவில் மாடி இல்லாத வீடு எங்களுடையது மட்டும்தான். ஒவ்வொரு வீடாக மேலே எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், "நீங்க எப்ப போடப் போறீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. கணவன், மனைவி இரண்டு பேரும் சம்பளம் வாங்குகிறார்கள், இன்னும் மாடி போடவில்லை என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தேகம். ஓட்டை ஒன்றும் இல்லை. மாடிக்குப் போயிருக்க வேண்டிய பணத்தை நான் போஸ்ட் ஆபீஸில் போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்குள் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளை விரிசல் பார்த்து, எண்ணி, வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டி லாரியில் ஏற்ற வேண்டும். வேலை பிடிக்காமல் இல்லை. நன்றாகவே செய்தேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. லாரி டிரைவர்கள் முதலாளிக்குப் பயந்ததைவிட எனக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

ஒருமுறை அம்மை போட்டு லீவில் இருந்தேன். காய்ச்சல் இறங்கிய ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் மங்கலம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். மகளும் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். தெருவில் சத்தமே இல்லை. கூடத்தில் சன்னல் அளவுக்கு வெயில் விழுந்திருந்தது. இளநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் என் வீடு இப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக் கடனில் பாதியைக் கட்டியது நான், பகலெல்லாம் அதில் குடியிருந்தது பல்லியும் எறும்பும். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படியாவது இந்தப் பதினோரு மணியை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதன்பிறகு போனஸ் வந்தால் அப்படியே டெபாசிட். கம்பெனிப் பெண்கள் மூணாறு போனபோது நான் போகவில்லை. தீபாவளிக்கு ஒரு புடவை, அதுவும் ஆடித் தள்ளுபடியில் எடுத்து வைத்தது. கஞ்சப் பிசினாரி என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். மகளின் கல்யாணத்துக்கு நாங்கள் தனியாக எடுத்து வைத்திருந்தோம், அதுவும் நல்லபடியாக முடிந்தது. நாற்பத்தெட்டு வயதில் சால்வையும் எவர்சில்வர் குடமும் வாங்கிக்கொண்டு கம்பெனியை விட்டு வந்தேன்.

வேலையை விட்ட அடுத்த திங்கட்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணைக் காணோம். பத்து வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் வேலை பார்த்தவள், சொல்லாமல் நிற்கமாட்டாள். உடம்பு சரியில்லையோ என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் தலை வாரிக்கொண்டே சொன்னார்.

"இனிமே வர வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். நீதான் வூட்ல இருக்கியே."

மாதச் செலவில் ஒன்றைக் குறைத்துவிட்ட பெருமை முகத்தில் தெரிந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். நானும் பாத்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

அதோடு நின்றதா? "நீதான் இருக்கியே, இட்லிக்குப் பதிலா இடியாப்பம் செய்யேன்" என்று ஆரம்பித்தது. எதிர்வீட்டுப் பெண் கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்தால் கொடுக்கச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். "நீங்க வூட்லதானக்கா இருக்கீங்க." அவளைப் பார்த்து இன்னொரு வீடு. மூன்றாவது வீட்டுக்காரர்களுக்கு வாரம் தவறாமல் பார்சல் வரும். நான் ஆசைப்பட்ட பதினோரு மணிக்கு, வாசலில் நின்று யார் வீட்டு சிலிண்டருக்கோ ஓ.டி.பி. சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி ரெண்டு மாதம் ஓடியபிறகு முதலாளி போன் செய்தார். புதிதாக வந்த ஆளுக்குப் பிடிபடவில்லையாம், சரக்கு உடைந்து திரும்பி வருகிறதாம். "சம்பளத்தக் கூட்டித் தரேம்மா, வந்துடுங்க" என்றார். பொய் சொல்வானேன், மனசு குதித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்போது என் கை முழங்கை வரைக்கும் தோசை மாவில் இருந்தது.

"போயேன்," என்றார். "வூட்ல சும்மாதான இருக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்விடலாம் என்றேதான் நினைத்தேன். கம்பெனியிலாவது உட்கார்ந்த இடத்துக்கு டீ வரும், ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

மறுநாள் காலையில் மார்க்கெட்டில் அந்தப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணைப் பார்த்தேன். நல்லபடியாகத்தான் பேசினாள். மகள் எப்படி இருக்கிறாள், மாப்பிள்ளை நல்லபடியாக வைத்துக்கொள்கிறாரா என்றெல்லாம் விசாரித்தாள். வேறு வீடு கிடைத்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணு கெடச்சுதுக்கா. நீங்க குடுத்ததுல பாதிதான் தராங்க." தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க ஓய்வா இருக்கணும்னு வேலைய வுட்டீங்க, சரி. எனக்கு ஏங்க்கா ஓய்வு குடுத்தீங்க?"

சுருக்கென்றது. கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் வேலையை விட்டதில் இவளுக்கும் வேலை போனது, இத்தனைக்கும் ரெண்டு பேரில் ஒருத்திகூட ஓய்வாக இல்லை. நான் கம்பெனிக்குத் திரும்பினால் இவளுக்கு வேலை கிடைக்கும், ஆனால் இத்தனை வருஷம் சேர்த்து வாங்கிய பதினோரு மணி போய்விடும். அங்கேயே, காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு முதலாளிக்குப் போன் போட்டேன். வரவில்லை என்றேன். ஆள் சரியாக அமையவில்லையே என்றார். "கத்துக்குவாங்க சார், நானும் கத்துக்கிட்டுதான செஞ்சேன்" என்று வைத்துவிட்டேன். அவளைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். பழைய சம்பளமா என்று கேட்டாள். கொஞ்சம் கூட என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து சட்டையைக் கழற்றியதும் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ சம்பளம் வாங்கறப்ப ஆள் வெச்சோம். இப்ப எதுக்கு?"

"இப்பதாங்க வேணும். என் வட்டிப் பணத்துலேர்ந்து நான் குடுத்துக்கறேன்."

"அப்ப நீ நாள் பூரா என்ன பண்ணுவ?"

"சமைப்பேன். பதினோரு மணிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. அதுக்குத்தாங்க இத்தன வருஷம் சேத்தேன்."

சாமியாராகப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படி முழித்திருக்க மாட்டார். கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். அதில் நியாயம் இருந்தது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எதற்காகச் சேர்த்தேன் என்பதை நான் வாயைத் திறந்து சொன்னது அன்றைக்குத்தான்.

இப்போது பதினோரு மணிக்கு நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்தில் கை சும்மா இருக்க மறுத்தது. தெருவில் லாரி போனால் என்ன லோடு என்று எட்டிப் பார்த்தேன். இப்போது பேப்பர் படிக்கிறேன், சில நாள் தூங்கிவிடுகிறேன், வெயில் தாழ்ந்தால் மணிமுத்தாற்றங்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். போரடிக்கும் நாளும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை இல்லாமல் திருப்தியாக இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

சாவிகளையும் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவசரத்துக்கு வாங்கி வைப்பேன், தினமும் முடியாது என்று சொன்னேன். மற்றவர்கள் சரி என்று விட்டார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குத்தான் கோபம். என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். நானும் போய்ச் சமாதானம் பேசவில்லை.

போன மாதம் அவளுக்கு ஒரு நாள் லீவு. முற்பகலில் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள், கொடுத்த டீயைக் குடித்தாள். கொஞ்ச நேரம் கூடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கும் இன்னும் அஞ்சாறு வருஷத்துல வேலைய வுட்டுடணும்னு இருக்குது. நீங்க எப்டி சேத்தீங்க?"

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எதில் போட்டேன், எதை வேண்டாம் என்று விட்டேன், எல்லாம்தான். அவள் போனில் குறித்துக்கொண்டாள். எழுந்திருக்கப் போனவளை உட்கார வைத்தேன்.

"பணத்த வுடு, அது சேந்துடும். வேலைய வுட்டா அந்த நேரம் எனக்குத்தான், ஒங்களுக்கு இல்லன்னு வூட்ல இருக்கறவங்ககிட்ட இன்னிலேர்ந்தே சொல்ல ஆரம்பி."

அவள் போனை மூடிவிட்டு எதிரே தன் வீட்டைப் பார்த்தாள். கணவன், மாமனார், இரண்டு பிள்ளைகள், எல்லோருடைய துணியும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அதுக்குப் பணம் சேக்கறதே சுலபம் போலிருக்குதேக்கா," என்றாள்.

ஆமாம் என்றேன்.