பாதத்தில் இல்லாத முள்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாத மாலையில், படவேட்டை அடுத்த சவ்வாது மலையடிவாரச் சிற்றூரில் நடந்தது இது. அப்போது நான் மலைமேல் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். அந்த மலையூரின் சடுகுடு அணியில் ஏழாவது ஆள். ஏனையோர் சாமை விதைக்கும் உழவர்கள்.

மலையூருக்கும் அடிவார ஊருக்கும் ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் உண்டு. வென்ற ஊரில்தான் மறு ஆண்டு ஆட்டம். மலையணி வென்றதே இல்லை. ஆகவே ஒவ்வோர் ஆடியிலும் நாங்களே இறங்கி வந்தோம். ஒருமுறையேனும் தம் மண்ணில், தம் வீட்டாரும் பிள்ளைகளும் காண ஆட வேண்டும் என்பது எங்கள் அணித்தலைவரின் தீராத ஆவல்.

அன்று இரண்டாம் பாதியில் நாங்கள் ஒருவர்பின் ஒருவராய்த் தொடப்பட்டு வெளியே அமர்ந்தோம். தலைவர் மட்டுமே களத்தில் எஞ்சினார். அவரும் தொடப்பட்டால் ஆட்டம் முடிந்தது. அவர் எதிரணியில் எத்தனை பேரைத் தொட்டு மீள்கிறாரோ, அத்தனை பேர் எங்களுள் உயிர்பெறலாம். ஓய்வின்றிப் பாடிச் சென்று வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். நாள் முழுதும் சுமையோடு மலையேறினும் தளராத அக்கால்கள் நடுங்கின.

அதன் காரணத்தைப் பின்னாளில் மருத்துவ நண்பர் ஒருவர் விளக்கினார். திடீரெனப் பாய்வதற்குரிய ஆற்றல் தசைக்குள்ளேயே சில நொடிகளுக்கு மட்டும் இருக்குமாம். அது தீர்ந்தால், உயிர்வளியை எதிர்பாராமல் சர்க்கரையைச் சிதைத்து உடல் சற்றுத் தாக்குப்பிடிக்கும். அப்போது தசை எரியும். நெடுவழி நடக்க உதவுவதோ உயிர்வளியோடு மெல்லச் சுரக்கும் ஆற்றல். தீர்ந்த முதல் இருப்பை மீண்டும் நிரப்புவதும் அதுவே. மலைவாழ் உடலில் அதற்குக் குறைவில்லை. ஆனால் நிரப்பச் சிறிது நேரம் வேண்டும். ஆட்டத்தில் அந்த நேரத்தை யார் தருவார்?

எதிரணித் தலைவர் பாடி வந்தார். கை நீட்டினால் போதும், வெற்றி. அவரோ கோட்டை ஒட்டியே மூச்சு முடியுமட்டும் உலவிவிட்டுத் திரும்பினார். அவருடைய ஊராரே கொதித்தனர்.

"இன்னாண்ணே, உள்ள கோலம் போடப் போனியா?"

திரும்பியவர் நடுக்கோட்டருகே பொத்தென்று அமர்ந்தார். "முள்ளு குத்திடிச்சிபா, இருங்க" என்று பாதத்தை மடியில் தூக்கி வைத்துத் துழாவலானார்.

"முள்ளா, கடப்பாரையா? வூட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு எடுண்ணே!"

களமே சிரித்தது. நடுவர் பொறுத்திருந்தார். கோட்டோரம் அமர்ந்திருந்த எனக்கு அந்தப் பாதம் தெளிவாகத் தெரிந்தது. அதில் முள் இல்லை. அவர் பார்வை அடிக்கடி எங்கள் தலைவரின் முழங்கால்மீது சென்று மீண்டது. நடுக்கம் நின்றதும், "எட்த்துட்டேன். இப்ப வாய்யா!" என்று எழுந்தார்.

எங்கள் தலைவர் பாடிச் சென்று மூவரைத் தொட்டு மீண்டார். உயிர்பெற்றோருள் நானும் ஒருவன். மயிரிழையில் வென்றோம்.

பின்பு எதிரணித் தலைவரைத் தனியே சந்தித்து, "முள்ளைக் காட்டுங்கள்" என்றேன். அவர் குலுங்கிச் சிரித்தார்.

"வாத்யாரே, மலைமேல பலா நல்லா இருக்குமாமே! நாங்களே ஜெயிச்சிக்கினு இருந்தா, எப்ப வந்து துன்றது?"

இதை எங்கள் தலைவரிடம் மட்டும் சொன்னேன்.

மறு ஆடியில் அடிவாரத்தார் மலையேறி வந்தனர். எதிர்கொண்டு அழைக்க நாங்கள் பாதிவழி இறங்கியிருந்தோம். அவர்களின் தலைவருக்கு மூச்சு இரைத்தது, முகம் வெளுத்திருந்தது. ஆயினும் தம் இளைஞர்முன் உட்கார அவர் மனம் ஒப்பவில்லை. எங்கள் தலைவர் சட்டென்று பாறையொன்றில் அமர்ந்து, பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தார்.

"முள்ளு குத்திடிச்சிங்க."

அடிவாரத் தலைவர் ஒருகணம் விழித்தார். பிறகு இரைப்புக்கிடையே சிரித்தவாறு அருகில் அமர்ந்தார். "மெதுவா எடு சாமி, இன்னா அவசரம்!"

இன்று நான் நடப்பதே கைத்தடியின் துணையோடுதான். எனினும், உடன் வருபவர் எவரேனும் மூச்சிரைத்துப் பின்தங்கக் கண்டால், என் பாதத்திலும் உடனே ஒரு முள் தைத்துவிடுகிறது.