அண்ணன் விழுந்த பாலம்

இருபது வருடத்துக்கு முன்பே முடித்துவிட்ட ஒரு வீடியோ கேமை இந்த வருடம் மட்டும் ஒன்பது முறை ஆரம்பித்தேன். ஒன்பது முறையும் முதல் காட்சியிலிருந்து. குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதை நான் திருப்பதியில் ஒரு வாடகை அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினேன்.

கேமின் கதை சுலபம். மொட்டைத் தலை ஆள் ஒருவன் கடலோரக் கோட்டைச் சிறையிலிருந்து தப்பிக்க வேண்டும். கையில் கயிறு, இடுப்பில் கோடாலி. கோட்டை உச்சியில் இருக்கும் சேனாபதியை வென்றால் விடுதலை. வழியில் ஆங்காங்கே விளக்குகள் இருக்கும். விளக்கில் எண்ணெய் ஊற்றினால் அதுவரை ஆடியது பதிவாகும். செத்தால் கடைசி விளக்கிலிருந்து மறுபடி தொடங்கலாம். திரையின் மூலையில் ஒரு மண்டை ஓடும், அதன் பக்கத்தில் இதுவரை எத்தனை முறை செத்தோம் என்ற எண்ணும் இருக்கும். அந்த எண் பூஜ்யமாகவே இருக்க, கடைசி வரை போய்விட வேண்டும். இது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். காயத்தை ஆற்றும் சிவப்புக் குப்பியையும் தொடக்கூடாது. ஒரே ஒரு முறை செத்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சிறையிலிருந்து தொடங்க வேண்டும். யாரும் என்னை இப்படி ஆடச் சொல்லவில்லை. சும்மா போன ஓணானை எடுத்து நானே வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

எனக்கு வேலை ஸ்ரீசிட்டியில், ஒரு தொழிற்சாலையில். வரிசையாக நகர்ந்து வரும் பிளாஸ்டிக் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் காளஹஸ்தியில் ஏறும் ஒருவர் உட்காருவார். என்னைவிடப் பெரியவர், பேச்சுத்துணைக்கு அவர் ஒருவர்தான். ஒரு நாள் அவரிடம் என் சட்டத்தைச் சொன்னேன். முடித்த கேமை எதற்கு மறுபடி ஆடுகிறாய், அதிலும் எதற்கு இந்தக் கஷ்டம் என்று கேட்டார். மலைக்கு பஸ் இருக்கிறது, அப்புறம் ஏன் ஜனங்கள் அலிபிரியிலிருந்து படி ஏறிப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறவர்கள் இல்லையா, செங்குத்தான இடத்தில் முழங்காலால் ஏறுகிறவர்கள் இல்லையா என்றேன். மடக்கிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அது ஸ்வாமிக்கு. இது யாருக்குப்பா?" என்றார்.

நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திருப்பதியில் தனியாக இருப்பது ஒரு தினுசான தனிமை. தினமும் எத்தனையோ குடும்பங்கள் இந்த ஊரில் வந்து இறங்குகின்றன. மொட்டை போட்ட குழந்தைகள், தலைக்குச் சந்தனம், தோளில் மூட்டை, ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டுக் கூப்பிடும் குரல்கள். அத்தனை பேர் வரும் ஊரில் என்னைப் பார்க்க என்று ஒருவர் வந்ததில்லை. எனக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது. பெண் பார்ப்பதும் தானாக நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி வாங்கும்போது பேசினால், திங்கட்கிழமை பஸ் ஏறும்வரை வேறு ஆளோடு பேசத் தேவை இருக்காது.

வீட்டுக்காரம்மா ஒருமுறை மாடிக்குத் துணி காயப்போட வந்தவர், ஜன்னலருகே நின்று, உள்ளே யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பது அவர் வழக்கம். யாரும் இல்லை என்றேன். பேச்சுக் குரல் கேட்டதே என்றார். டிவி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

டிவி இல்லை. நான்தான். கேமில் வரும் சிலந்திக் கிணற்றில் மொட்டையன் செத்திருந்தான். அவன் சாகும்போதெல்லாம் என் கை தானாக ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் நீட்டும், வாய் தானாக "இந்தா" என்று சொல்லும். இடது பக்கம் வெறும் பாய்தான் இருக்கும். கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்துவிட்டுக் கையை மடக்கிக்கொள்வேன்.

இடது பக்கம் என் அண்ணன் உட்கார்ந்த இடம்.

எங்கள் வீடு நகரியில். முன்கட்டில் இரண்டு பவர்லூம் தறி, பின்கட்டில் நாங்கள். நாங்கள் தமிழ்க் குடும்பம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். பத்தாவதோடு தறிக்கு வந்துவிட்டான். திருப்பதியில் மூடப்போன ஒரு கேம் கடையிலிருந்து அவன்தான் இந்தக் கேம் பெட்டியைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்தான். கூட நாலு டிஸ்க். மூன்று கீறல் விழுந்து ஓடவில்லை. ஓடியது இந்த மொட்டையன் மட்டும். கதை என்ன பாஷையில் இருந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இவன் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வரும் வழியில் பிடிபட்டிருக்கிறான் என்று நாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டோம்.

ஜாய்ஸ்டிக் ஒன்றுதான். நாங்கள் போட்ட சண்டை தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டதால் நைனா உள்ளே வந்து தீர்ப்புச் சொன்னார். ஆடுகிறவன் செத்தால் மற்றவனிடம் கொடுக்க வேண்டும். கரண்டு போனால் அது சாவுக் கணக்கில் சேராது. அவ்வளவுதான் சட்டம். அதை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

அண்ணன் ரொம்ப நன்றாக ஆடுவான். நான் ஐந்து நிமிடம் தாங்கமாட்டேன். ஆனால் மூன்றாவது கட்டத்தில் ஓர் உடைந்த பாலம் வரும். ஓடிவந்து தாவி, எதிர்ப்பக்க விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்கி மேலே ஏற வேண்டும். அத்தனை பெரிய பூதத்தை எல்லாம் வெட்டிச் சாய்த்தவன் அந்தப் பள்ளத்தில் பல நாள் விழுவான். விழுந்ததும் "ச்சே" என்பான். தறி எண்ணெய் படிந்த கையோடு ஆடியிருப்பான் அல்லவா, ஜாய்ஸ்டிக்கை லுங்கியில் நன்றாகத் துடைத்து என்னிடம் கொடுப்பான். பாலத்துக்கு நாலடி முன்னால்தான் விளக்கு. அதனால் நான் அங்கேயே தொடங்கி முதல் தாவலிலேயே பாலத்தைத் தாண்டிவிடுவேன். அண்ணனால் முடியாதது என்னால் முடிகிறது என்ற கர்வம் எனக்கு அப்படித்தான் வந்தது. அதற்கடுத்த சிலந்திக் கிணற்றில் உடனே செத்துப்போவேன் என்பது வேறு விஷயம். கர்வம் பாலத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது.

நான் படித்து வேலைக்குத் திருப்பதி வந்தபோது பெட்டியைப் பையில் வைத்தவனும் அவனே. ஒண்டியாக இருப்பாய், எடுத்துக்கொண்டு போ என்றான்.

மூன்று வருடத்துக்கு முன்பு நைனாவின் திதிக்கு ஊருக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், சில உறவுக்காரர்கள். அண்ணன் என்னிடம், ஒண்டியாக அங்கே எதற்கு இருக்க வேண்டும், வீட்டுக்கே வந்துவிடு, இன்னும் இரண்டு தறி போட்டுச் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னான். எனக்குத்தான் வாய்க்கொழுப்பு. நான் படித்தவன், தறிக்குத் திரும்புவேனா என்ற திமிர்.

"கேம்லயே அதே பள்ளத்துல வுழுந்துக்கினு இருந்தவன் நீ. உன்ன நம்பி நான் எங்க வர்றது?" என்றேன்.

உறவுக்காரர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் என்ன பள்ளம் என்று கேட்டன. அண்ணனும் லேசாகச் சிரித்தான். சிரித்துவிட்டுத் தறி பக்கம் போய்விட்டான். நான் கிளம்பும்போது அவன் வெளியே வரவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று தெரியாமலா சொல்லி வைத்தார்கள். அதற்குப் பிறகு பொங்கலுக்கும் உகாதிக்கும் அண்ணியின் எண்ணிலிருந்து ஒரு வாழ்த்துப் படம் வரும். நான் பதிலுக்கு ஒரு கும்பிடு போடுவேன். நகரி ஒன்றும் சீமையில் இல்லை. வடமாலபேட்டை, புத்தூர் தாண்டினால் வந்துவிடும், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அந்த தூரத்தை மூன்று வருடமாக நான் கடக்கவில்லை.

அந்த மூன்றாவது வருடத்தில்தான் பெட்டியைத் தூசு தட்டினேன். புது டிவியில் அதன் மூன்று நிற வயரைச் செருக இடமில்லை. வீட்டுக்காரம்மா மாடியில் போட்டு வைத்திருந்த பழைய குண்டு டிவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சும்மா ஆடினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. சாகக்கூடாது என்ற சட்டத்தை அதனால்தான் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பதாவது முறை ஆடும்போது பாலத்துக்கு முன்னால் நின்றேன். அண்ணனே விழுந்த இடம், கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, வேறொரு பதிவில் போய்ப் பயிற்சி எடுத்தேன். எங்கே கால் வைத்தால் விழுவோம் என்று தெரிந்துகொண்டால் அந்த இடத்தைத் தவிர்க்கலாம். சீக்கிரமாகத் தாவிப் பார்த்தேன். விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். தாமதமாகத் தாவினேன். தொங்கினான். கோணலாகத் தாவினேன். ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினான். ஒரு மணி நேரம் முயன்றும் மொட்டையன் விழவே இல்லை. எப்படித் தாவினாலும் அந்த விளிம்பை அவன் தானாகப் பிடித்துக்கொள்வான். கேமைச் செய்தவர்கள் அந்த இடத்தை அப்படிச் செய்திருக்கிறார்கள். அவன் விழ ஒரே வழிதான் உண்டு. தொங்கும்போது வட்டப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் பிடியை விடுவான்.

அழுத்தினேன். தொங்கியவன் விழுந்தான்.

அப்படியேதான் அண்ணன் விழுவான். எப்போதுமே ஒரு நொடி தொங்குவான், பிறகு விழுவான். எத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிடி கிடைத்த பிறகு ஏன் விழுகிறான் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. என் டர்ன் எப்போது வரும் என்பதில் இருந்தது என் கண்.

ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பகல் பதினொரு மணிக்கு, வெளியே யாரோ குழாயடியில் பேசிக்கொண்டிருக்க, முப்பத்தைந்து வயது ஆள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதேன். நாலடி தூரத்தில் விளக்கு. விழுந்தாலும் ஒன்றும் குறையாத இடம், எனக்கும் தாண்ட முடிந்த இடம். பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறான். அந்த இடத்தைச் சொல்லித்தான் அவன் பிள்ளைகள் முன்னால் அவனை நான் கேலி செய்தேன்.

அண்ணன் பத்தாவதில் கணக்கில் ஃபெயில். தறியில் ஏற்றும் பாவுக்கு எத்தனை இழை என்று மனசிலேயே போடுகிறவன் கணக்கில் ஃபெயில். நைனாவுக்கு இடுப்பு பிடித்துத் தறியில் நிற்க முடியாமல் போனது அந்த வருடம்தான். அதை அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. ஒரு பள்ளத்தைப் பார்த்ததே போதும்.

அன்றைக்கும் கூப்பிடவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் ஆடினேன். பாலம் தாண்டி, சிலந்திக் கிணறு தாண்டி, சாகாமல் சேனாபதியின் வாசல் வரை வந்துவிட்டேன். மண்டை ஓட்டுக்குப் பக்கத்தில் பூஜ்யம். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. சந்தோஷமே வரவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

பின்னால் தறி ஓடும் சத்தம். அவன் வெளியே நடந்து வர வர அது குறைந்தது. உடம்புக்கு ஏதாவதா என்றுதான் முதலில் கேட்டான். இல்லை என்றேன்.

"அண்ணா, அந்தப் பாலத்துல நீ வேணும்னே வுழுந்தியா?"

எந்தப் பாலம் என்று அவன் கேட்கவில்லை.

"நீ அஞ்சு நிமிசம்கூட உயிரோட இருக்கமாட்ட. நான் வுழலன்னா உனக்கு எப்ப வரும்?" என்றான்.

அன்றைக்கு நான் பேசியது தப்பு என்று சொல்லத் தொடங்கினேன். அவன் அதைக் கேட்காததுபோல, துன்னியா என்று கேட்டான். துன்னேன் என்றேன். இப்போது எங்கே இருக்கிறாய் என்றான். அறையில் என்று சொல்லப்போய், அவன் கேட்டது கேமில் என்று புரிந்தது. சேனாபதி வாசலில் இருக்கிறேன், இதுவரை ஒருமுறைகூடச் சாகவில்லை என்றேன்.

"ஒரு தடவகூடயா?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்ப எனக்கு எப்பத் தருவ?"

உள்ளே ஏதோ தறி நின்றுவிட்டது போலிருக்கிறது. யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். மொட்டையனைச் சேனாபதி வாசலிலிருந்து திருப்பினேன். பக்கவாட்டில் கோட்டைச் சுவர் முடியும் இடம் இருக்கிறது, கீழே கடல். விளிம்பில் இறக்கித் தொங்கவிட்டேன். வட்டப் பொத்தானை அழுத்தினேன். ஏழு மாத ஞாயிறு அந்த நொடியில் போனது. மண்டை ஓட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்று வந்தது.

ஜாய்ஸ்டிக்கை லுங்கியில் நன்றாகத் துடைத்தேன். இடது பக்கம் பாயில் வைத்து, "இந்தா" என்றேன். இந்த முறை வாய் தானாகச் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார் போல. ஜன்னலருகே வந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"எங்க அண்ணன்," என்றேன். "இன்னும் வரல."