டாக்டர் காதில் விழக்கூடாத இருமல்

என் பெயர் எஸ்தர். கர்த்தர் என் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்தில் ஃபயர்மேன். ஒரு கெமிக்கல் குடோன் தீயை அணைத்துவிட்டு வந்ததிலிருந்து இருமல். கோலார் தங்கவயலில், எங்கள் சாம்பியன் ரீப்ஸில், இருமல் என்றாலே சுரங்க நோய்தான் நினைவுக்கு வரும். சுரங்கத்தில் இருந்த என் அப்பா, வேலை போய்விடும் என்று டாக்டரிடம் இருமலை மறைத்தே ஷிஃப்டுக்கு இறங்கினார். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவரை அடக்கம் செய்தோம்.

இவரும் மறைத்தார். காரணம் பென்ஷன். இவர் தேர்வானது பழைய பென்ஷன் இருந்த காலத்தில். வேலை ஆணை தாமதமாக வந்ததால் புதிய திட்டத்தில் தள்ளிவிட்டார்கள். அதில், பாதியில் உடம்பு முடியாமல் வெளியே வந்தால் குடும்பம் நம்பி வாழ ஒன்றும் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வேலையில் மருத்துவப் பரிசோதனை வந்தது. "கஷாயத்த ஃபிளாஸ்க்ல ஊத்திக் குடு. டாக்டர் முன்னால இருமாம இருந்தா போதும்" என்றார். ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். பிறகு உபவாசம் இருந்து, "ஆண்டவரே, டாக்டர் காதை அடைத்துவிடும்" என்று ஜெபித்தேன். என்ன ஜெபம் பாருங்கள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததுமே பிடித்துவிட்டார். இனி புகைக்குள் போகவே கூடாது என்று எழுதிவிட்டார்; ஃபயர்மேன் வேலை போனது போலத்தான். எனக்குக் கர்த்தர் மேலேயே கோபம். "உமக்குத்தான் காது கேட்கவில்லையா?" என்று அழுதேன். சபைக்கும் போகவில்லை. ஜெபக்குழு அக்காமார் வீடு தேடி வந்து எனக்காக முழங்கால் போட்டு ஜெபித்தார்கள்.

இவரை வேலையிலிருந்து விடுவிக்கும் முன்பே பெங்களூரிலிருந்து, இவரோடு வேலைக்குத் தேர்வான ஒருவர் போன் செய்தார். "அண்ணா, நம்ம பேட்சுக்கும் பழைய பென்ஷன் தராங்க. ஆர்டர் ஆயிடுச்சு. ஒடம்பு முடியாம வெளிய வந்தாலும் உண்டு."

"இன்னாங்க சொல்றாரு?" என்றேன். இவர் இருமினார். வாயைப் பொத்தாமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இருமினார். நான் அழுதுவிட்டேன்.

ஊழியர் சங்கத்தார் வருஷக்கணக்காக அரசாங்கத்திடம் நடையாய் நடந்து வாங்கிய மாற்றம் அது. அவர்கள் கால்களை நடத்தியவர் கர்த்தர் என்பேன். இன்னும் கொஞ்ச நாள் புகைக்குள் போயிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தால் இன்று நான் விதவை.

இப்போது பிரசங்கத்தின் நடுவில் இவர் இருமினால் ஆயர் சற்று நிறுத்தி, பிறகு தொடர்கிறார். பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு இருமல் இருக்கும். கஷாயம் குடித்துவிட்டு ஆண்டவர் முன்னால் போகாதீர்கள். இருமிக்கொண்டே போங்கள்.