ஊருக்கு அனுப்பாத பிள்ளை

பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த பெண்கள் கல்லூரி, கொரோனாவால் பல மாதம் பூட்டிக் கிடந்த பிறகு இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தது. வாசலில் வாட்ச்மேன் அண்ணாச்சி காய்ச்சல் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயிலில் நடந்து வந்தவளுக்குச் சூடு கூடுதலாகக் காட்டினால் மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். அப்போதும் இறங்கவில்லையென்றால் அவருக்கே முகம் வாடிவிடும்.

நான் முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஊர் நாங்குநேரி பக்கம். விடுதியில்தான் இருந்தேன். விடுதிக்குத் தனியாக விதிகள் போட்டிருந்தார்கள். நான்கு பேர் இருந்த அறையில் இரண்டு பேர்தான். கட்டில்கள் ஆளுக்கொரு சுவரோரம். சாப்பாட்டுக் கூடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அதற்குள் நின்றுதான் தட்டை நீட்ட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் கபசுரக் குடிநீர். வெளியே கடைக்குப் போகக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் வாசலோடு சரி. இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே பழகிவிட்டோம். ஒரே ஒரு விதிக்குத்தான் எல்லாருமே பயந்தோம். காய்ச்சலோ, இருமலோ, வாசனை தெரியாமல் போவதோ, எது வந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்ன அன்றைக்கே வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நோய் இல்லையென்று பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் திரும்பலாம். செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால், தும்மல் வந்தால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மினார்கள்.

என் அறைத்தோழிக்கு ஊர் புன்னக்காயல். ஆறு கடலில் சேருகிற இடத்தில் வீடு. இளங்கலையிலிருந்தே நாங்கள் ஒன்றாகப் படிக்கிறோம். மாதா கோவில் திருவிழாவுக்கு ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய்த் தங்கியிருக்கிறேன். ஒரே அறையும் அடுப்படியும்தான் வீடு. அவள் அப்பா இளமையில் கடலில் முங்கிச் சங்கு குளித்தவர். அதில் நெஞ்சு கெட்டுப்போய், பிறகு கரையில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவார். அந்த மூச்சோடேயே எனக்கு ஊர்க்கதையெல்லாம் சொன்னார். தட்டில் மீன் தீரத் தீர வைத்துக்கொண்டே இருந்தார்.

ஆய்வகத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு உப்புப் பகுப்பாய்வு. ஹைட்ரஜன் சல்பைடு வாயு எங்கோ கசிந்து, அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுக்க அடித்தது. முகக்கவசத்துக்கு மேலே துப்பட்டாவையும் இழுத்துப் பொத்திக்கொண்டு எல்லாரும் சன்னல் பக்கம் ஓடினோம். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சோதனைக் குழாயை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இந்த நாத்தத்துல எப்படி நிக்க?" என்றேன்.

"என்ன நாத்தம்?" என்று திரும்பிக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. குழாயைப் பைய ஸ்டாண்டில் வைத்தாள். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போனோம். கொடியின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும்.

"நேத்துலேருந்தே தெரியல. காலைல கசாயம் தண்ணி மாதிரி இருந்துச்சு. சளின்னு நெனச்சேன்."

"காய்ச்சல்?"

"லேசா. நீ யார்ட்டயும் சொல்லாத."

"சொல்லாம எப்படி இருக்க முடியும்? நாம மட்டுமா இங்க இருக்கோம்?"

"சொன்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ. எங்க வீட்டப் பாத்திருக்கல்லா? நான் எங்கன படுப்பேன், அப்பா எங்கன படுப்பாவ? அவிய இருக்க நெலைக்கு நான் வாசல்ல போய் நின்னாலே போதும்ளா." அழவில்லை. கொடியில் கிடந்த யாருடைய பாவாடையையோ பிடித்துக் கசக்கிக்கொண்டே சொன்னாள்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் வட்டத்துக்குள் நின்று பேசுகிற சத்தம் கேட்டது. அதில் ஒருத்திக்கு ஆஸ்துமா. "ரெண்டு பேரும் சேந்தே போய்ச் சொல்லுவோம். உன்னை வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு நான் கேக்குதேன்," என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. அவள் பாவாடையை விட்டுவிட்டு, எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

விடுதி வார்டன் கணக்குப் பேராசிரியை. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அவர் அறை வாசலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் சொன்னாள். மிஸ் உடனே போனை எடுத்தார்.

"வீட்டு நம்பர் சொல்லு. ஆள் வரட்டும்."

"மிஸ், அவ அப்பாவுக்கு நெஞ்சு சரியில்ல. வீடு ஒரே அறைதான். இவ போனா அவியளுக்கு வந்துரும்," என்றேன்.

"எனக்குப் புரியுது. விதி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். இவளுக்கு மாத்தினா நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேப்பாவ."

"காலேஜுக்குள்ள பரவக் கூடாதுன்னுதான மிஸ் விதி போட்டிருக்கு? வீட்டுக்குள்ள பரவலாமா?"

குரல் கூடிவிட்டது. மிஸ் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் பழைய சிக் ரூம் இருக்கிறது, அதில் அடுத்தடுத்து இரண்டு அறை, கட்டிலைத் துடைக்கச் சொல்கிறேன் என்றார். "ஆனா வீட்டுல சொல்லாம நான் வச்சுக்கிட முடியாது" என்று அவள் அப்பாவுக்குப் போன் போட்டார். நாங்களும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, எம்பிள்ளைய அனுப்பி வச்சிருங்க. சொகமில்லாத பிள்ள எங்க கண்ணு முன்னால கெடக்கட்டும்."

"வரமாட்டேன்ப்பா. உங்களுக்கு ஆவாது," என்று அவள் கயிற்றின் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"எனக்கு என்ன ஆனா என்ன மக்ளே. வயசு போன கட்ட." மூச்சு வாங்கிக்கொண்டார். "நாங்குநேரிப் பிள்ள பக்கத்துல இருக்கா? நீ சொல்லும்மா. நீ சொன்னா அவ கேப்பா."

மிஸ் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "அப்பா, கொஞ்ச நாள்தான். மருந்து மாத்திரையெல்லாம் மிஸ் பாத்துக்கிடுவாவ. சொகமானதும் நானே கூட்டிட்டு வாரேன்," என்றேன்.

"சரி மக்ளே," என்றார். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை.

பரிசோதனையில் அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. ஒரே அறையில் இருந்தவள் என்பதால் என்னையும் பக்கத்து அறையில் வைத்தார்கள். நடுவில் ஆணியடித்து மூடிய ஒரு கதவு. அதில் காதை வைத்தால் அவள் இருமுவது கேட்கும். சாப்பாட்டை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு, தட்டித் தெரிவித்துவிட்டுப் போவார்கள். அவளுக்குக் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மிஸ் வேளாவேளைக்கு வந்து, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவியைச் சன்னல் வழியாக நீட்டுவார். அதில் காட்டும் அளவை உரக்கச் சொல்லச் சொல்வார். அவள் சொல்லச் சொல்ல, கதவுக்கு இந்தப் பக்கம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

செய்தி வெளியே பரவிவிட்டது. பெற்றோர்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். எங்கள் சன்னலிலிருந்து வாசல் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

"நோய உள்ள வச்சுக்கிட்டு எங்க பிள்ளையளச் சாவக் குடுக்கியளா?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"உங்க பிள்ளைக்கு வந்தா நான் ரோட்டுல விடணுமா, உள்ள வச்சுப் பாக்கணுமா? நீங்களே சொல்லுங்க," என்றது மிஸ்ஸின் குரல்.

ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த சில நாட்களில் கல்லூரிகளையே மறுபடி மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அவ்வளவு பெரிய வளாகத்தில் நாங்கள் இருவர், மிஸ், ஒரு சமையல்காரம்மா, வாசலில் அண்ணாச்சி. கீரிப்பிள்ளைகள் பகலிலேயே முற்றத்தில் நடந்தன.

அது தவக்காலம். காய்ச்சல் விட்ட பிறகு அவள் சிலுவைப்பாதை செபத்தை மனப்பாடமாகச் சொல்வாள். எனக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் அப்பா தினமும் போனில் கூப்பிட்டார். கஞ்சி குடிச்சியா, வெந்நி குடிச்சியா என்பதைத் தவிர அவர்கள் வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவள் தேறிவிட்டாள். விடுகிறதற்கு முன் எடுக்க வேண்டிய பரிசோதனையையும் எடுத்தாயிற்று. முடிவு வர வேண்டியதுதான் பாக்கி. துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் அவள் அண்ணன் கூப்பிட்டான். அப்பாவுக்குக் காய்ச்சல், மூச்சு விட முடியவில்லை, தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றான். வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. மீன் ஏலத்துக்கு வெளியூரிலிருந்து வந்த யாரிடமிருந்தோ தொற்றியிருக்க வேண்டும் என்றார்கள். யாருக்குத் தெரியும்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள். மிஸ் எதிரே வந்து நின்றார்.

"ரிசல்ட் வராம உன்னை விட முடியாதும்மா. விட்டாலும் ஆஸ்பத்திரிக்குள்ள யாரையும் விடமாட்டாவ. உங்க அண்ணனே வெளியதான நிக்கான்?"

"நானும் வெளிய நிக்கேன் மிஸ்."

மிஸ் போனை எடுத்தார். பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டார். எங்கும் கூட்டம், எங்கும் தாமதம். அவள் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட வரவில்லை. நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது தனிமைப்படுத்தல் நாட்கள் முடிந்திருந்தன. அப்படியும் அவளைத் தொட எனக்கு அனுமதி இல்லை. வார்டுக்குள் அப்பாவிடம் போன் இல்லை என்று அண்ணன் சொன்னான். வேறு ஒரு நோயாளியின் போனில் ஒருமுறை பேசினாராம். பிள்ளைக்கு ரிசல்ட் வந்துட்டா என்று கேட்டாராம்.

புதன்கிழமை காலையில் அவர் போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் முடிவு வந்தது. அவளுக்கு நோய் இல்லை.

மிஸ் தன் தம்பியின் காரை வரவழைத்தார். நானும் ஏறிக்கொண்டேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஆற்றை ஒட்டி ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போனோம். இருபுறமும் வாழை. கொற்கைப் பக்கம் வருகிற வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "அம்மா தலைலேருந்து பூவ எடுத்திருப்பாவளா?" என்று மட்டும் கேட்டாள். டிரைவர் முன்னால் பார்த்தபடியே வண்டியை வேகப்படுத்தினார்.

கல்லறைத் தோட்டத்துக்குள் வீட்டு ஆட்கள் சிலரையும் அவளோடு வந்த என்னையும்தான் விட்டார்கள். அதுவும் தூரத்தில். உடம்பு முழுக்க மூடிய உடுப்புப் போட்டவர்கள் வண்டியிலிருந்து ஒரு பொதியை இறக்கினார்கள். முகம் தெரியவில்லை. உயரத்தை வைத்துத்தான் அவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பங்குச் சாமியார் தள்ளி நின்று செபித்தார். கடல் காற்றில் பாதி கேட்கவில்லை. அவள் ஓடப்போனாள். அண்ணன் பிடித்துக்கொண்டான். அப்போதுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, நானும் அவள் கையைப் பிடித்தேன். அவள் கை என் கைக்குள் அசையவே இல்லை.

அவள் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "உனக்கு ஒண்ணும் வரலையேம்மா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "ஆண்டவரு காப்பாத்தினாரு," என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தேர்வை அவரவர் வீட்டிலிருந்தே எழுதினோம். மிஸ்ஸிடம் நிர்வாகம் விளக்கம் கேட்டது. கொஞ்ச நாளில் அவர் வார்டன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் விடுதி மறுபடி திறந்தபோது விதியை மாற்றியிருந்தார்கள். வீட்டில் முதியவர்களோ நோயாளிகளோ இருந்தால் பிள்ளையை அனுப்பாமல் சிக் ரூமிலேயே வைத்துப் பார்க்கலாம். மிஸ் போனில் என்னிடம் இதைச் சொன்னபோது குரலில் மகிழ்ச்சி இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் நாங்குநேரியிலேயே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் தூத்துக்குடியில் உப்பு பரிசோதிக்கிற ஒரு ஆய்வகத்தில். பேச்சு குறைந்துவிட்டது. சண்டை எதுவும் இல்லை. போனில் பேசினால் அவள் அப்பா பேச்சு வந்துவிடுமோ என்று இருவருமே பயந்தோம் என்று நினைக்கிறேன்.

போன கல்லறைத் திருநாளுக்கு வரச் சொல்லி அவளே கூப்பிட்டாள். போனேன். தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் சனமுமாக இருந்தது. எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்திருந்தது. விதி மாறியதை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

"நல்லதுதான்," என்றாள். மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் வந்திருந்தா, என்னாலதான் அப்பா செத்தாவன்னு ஆகியிருக்கும். வராததுனால கடைசியா ஒருவாட்டி பாக்காமப் போனேன். ரெண்டுல எது தேவலன்னு நீ யோசிச்சிருக்கியா?"

"தெனமும் யோசிக்கேன்."

"எனக்கும் தெரியலளா," என்றாள்.

அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். நாங்கள் போனோம்.