குழாயை இறக்காத மிக்கேல்

சின்னமனூரில் ஒரே ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் பதினேழு பற்கள் உதிர்ந்தன. பல் கணக்கைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். மிக்கேலின் மனைவி வியாகுலமேரி பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிறாள்; ரொம்பவும் அளக்க முடியாது.

எழுபத்தாறாம் வருஷம். கல்யாண வீடுகளில் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் மைக்செட் மிக்கேலுடைய தொழில். கை நீட்டுவது சுபாவம். அவன் மூக்கே இரண்டு இடத்தில் வளைந்திருக்கும். ஒரே தெருவில் இரண்டு கல்யாணம் விழுந்தால் இரண்டு செட்டுக்காரர்களும் குழாய்களை எதிரெதிராகத் திருப்பிவிடுவார்கள். எவன் பாட்டு அமுங்குகிறதோ, எவன் பாட்டு நிற்கிறதோ, அவன் குழாயை இறக்கிவிட வேண்டும். இன்னொரு செட்டுக்காரன் கருத்தக்கண்ணனிடம் மிக்கேல் ஏற்கெனவே இரண்டு தடவை இறக்கியிருந்தான். இன்னொரு தடவை இறக்கினால் எவனும் அவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடமாட்டான்.

அன்று காலை அதே தெருவில் எதிர்க் கல்யாணத்துக்குக் கருத்தக்கண்ணன் புது ஆம்ப்ளிபயரோடு வந்திருந்தான். மிக்கேல் போட்ட பாட்டு எதுவும் பந்தலைத் தாண்டவில்லை.

“ஏலே மிக்கேலு, கொழாய நீயா எறக்குறியா, நான் மரத்துல ஏறட்டுமா?”

“ஏறு. எறங்குறப்ப காலு ரெண்டும் இருக்கான்னு பாத்துக்க.”

சொல்லிவிட்டானே தவிர, மிச்சமிருந்தது ஒரே இசைத்தட்டு. மேகமலை எஸ்டேட் மேனேஜர் மாற்றலாகிப் போனபோது குப்பையில் எறிந்தது. அட்டையில் நாலு வெள்ளைக்காரர்கள். நாடகத்தில் ஸ்திரீபார்ட் கட்டியவர்கள் போல உதட்டுச் சாயம், மினுக்குச் சட்டை, குதிகால் செருப்பு. முறைப்பு மட்டும் சாராயக்கடை முறைப்பு. கிடார் தகரத்தை ரம்பத்தால் அறுக்கும். டிரம் பூட்டிய கதவை உதைக்கும். பாடுகிறவனுக்குச் சுருதியும் கிடையாது, வெட்கமும் கிடையாது. முள்ளை மிதித்தவன் முள்ளைத் திட்டுவது போலக் கத்துவான். ஒரு வார்த்தை புரியாமலே மிக்கேலுக்கு முஷ்டி இறுகும். நம்ம ஜாடையில் ஒருத்தன் கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறான் என்று தோன்றும். தாலி கட்டும் இடத்தில் போடக்கூடியதா என்றுதான் ஒளித்து வைத்திருந்தான்.

போட்டான்.

எதிர்க்குழாய்ப் பாட்டு சட்டென்று நசுங்கிப்போனது. வண்டி மாடுகள் கயிற்றை அறுத்தன. பந்தியில் இருந்த இளவட்டங்கள் எழுந்து ஒருவனை ஒருவன் இடித்தார்கள்; இடி அடியாயிற்று. கருத்தக்கண்ணன் அரிவாளோடு பாய்ந்தான். பின்னால் அவனுடைய இரண்டு மச்சான்மார்கள். முதல் வெட்டு குறி தப்பியது.

தட்டு சுற்றும் பெட்டி அதிர்ந்தால் முள் துள்ளும். பாட்டு நின்றால் தோல்வி. ஆகவே மிக்கேல் இடது கையால் பெட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் அடித்தான். மூத்த மச்சானின் வாய் கிழிந்தது. இளையவன் கொதிக்கிற சாம்பாருக்குள் முழங்கை வரை போய் அலறினான். யாரோ வீசிய மூங்கில் மிக்கேலின் காதைப் பிளந்தது. ரத்தம் தட்டின்மேல் சொட்டியது. அவன் வாங்கிய ஒவ்வொரு உதைக்கும் பாடகன் அதே வரியைத் திரும்பக் கத்தினான். உதைத்தவர்களும் அந்தத் தாளத்துக்கே உதைத்தார்கள். கருத்தக்கண்ணன் மறுபடி அரிவாளை ஓங்கியபோது, குழாயின் பின்னால் மாட்டுகிற இரும்பு யூனிட் உபரியாகக் கிடந்ததை எடுத்து மிக்கேல் ஒரு சுழற்று சுழற்றினான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது தெருமுனை வரை கேட்டது.

கருத்தக்கண்ணன் மண்டியிட்டு ரத்தத்தைத் துப்பினான். தன் செட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கே தட்டு தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டியவர்கள் எல்லோரும் இங்கே அடிபட்டுக் கிடந்தார்கள். மிக்கேல் பக்கம் கத்தல் ஓயவில்லை.

“நம்ம கொழாய எறக்குங்கடா,” என்றான்.

வெள்ளைக்காரன் பாட்டு கடைசிவரை நிற்கவேயில்லை.

“எங்கிட்டு நிக்காம ஓடுச்சு?” என்றாள் வியாகுலமேரி, மொச்சையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “மொத வெட்டு ஒண்ணும் தப்பல. வயரத்தேன் வெட்டுச்சு. தட்டு அப்பவே நின்னு போச்சு. அதுக்குப் பெறகு கத்துனது எங்க வீட்டுக்காரவுக.”