மருதாசலம் பார்த்த எரிமலை

திருச்செங்கோட்டு மருதாசலம் முப்பது வருடம் ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். தொழிலை விட்டதும் மனைவி ஆத்தாயியோடு அந்தமான் சுற்றுலா போனார். கப்பலிலிருந்து வழிகாட்டி, புகையும் பாரன் தீவைக் காட்டினார்.

“1787இல் வெடித்த எரிமலை இது. அப்புறம் சில தடவை பொங்கிவிட்டு, நூறு வருடத்துக்கும் மேல் அடங்கிக் கிடந்தது. 1991இல் மறுபடி பொங்கியது.”

“ஏனுங்க, எத்தன அடி ஆழத்துல இருந்துங்க வருது?” என்று வழிகாட்டியிடம் கேட்டார் மருதாசலம்.

“பல கிலோமீட்டர்.”

“மோட்டார் இல்லாமயாங்க!” என்று மலைத்தார் மருதாசலம்.

ஆத்தாயி குறுக்கிட்டாள். “நம்மூட்டுல நீங்க ஆயிரத்தி எரநூறு அடி போட்டீங்க. வெறும் புழுதிதானுங்க வந்துச்சு.”

“அவசரப்படாத. ஒரு நூறு வருசம் பொறுத்துப் பாரு.”

கப்பலே சிரித்தது. ஆத்தாயி மட்டும் கரை சேரும்வரை அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கவில்லை.