இரண்டு நீலம்

திண்டிவனத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், பிள்ளை பெறாதவளிடம் குழம்புக்கு உப்புப் போதுமா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மாமியார், ஒரு பொங்கலுக்கு முன்னால், பின்கட்டு அறைக்கு எந்த நீலம் அடிக்கலாம், பார்த்துச் சொல் என்றாள். நெல் மூட்டை அடைந்து கிடந்த அறை. மூட்டைகளை வெளியேற்றிப் புதுக் கதவும் போட்டிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அதுவரை கூடத்தில் நாலு பேர் நடுவில் படுத்தவர்கள். எங்களுக்கென்று ஓர் அறை! பைத்தியக்காரி, சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுண்ணாம்பில் நீலத்தூளைக் கரைத்து, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டை இழுத்தேன். ஒன்றில் தூள் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஈரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காய்ந்து வெளுத்தால்தான் வித்தியாசம் தெரியும். விதைக் கடலைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். சாயங்காலம் காய்ந்தது. வெளிர் நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"இதாங்க அத்தே, நல்லாகீது."

மாமியார் சுவரைப் பார்க்கவே இல்லை. "உனுக்குப் புடிச்சத யாரு கேட்டா? உன் தங்கச்சிக்கு எது புடிக்கும்? கூடப் பொறந்தவதானே நீ?"

"அவுளுக்கு எதுக்குங்க?"

"தை பொறந்தா அவதான் இந்த ரூமுக்கு வர்றா. உங்கப்பன் வந்து தாம்பூலம் மாத்திக்கினு போயாச்சு. உன் புருசனுக்கு எவளோ ஒருத்தி வர்றதுக்கு உன் தங்கச்சி வந்தா உனுக்கும் நல்லதுதானே?"

வாசலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. மாமியாரை விடுங்கள், அவள் அயலாள். பெற்ற அப்பன் இந்த வாசல்வரை வந்துபோயிருக்கிறான், என் காதில் ஒரு வார்த்தை போடவில்லையே! பாவி மனுஷன்.

தங்கைக்கு அடர்ந்த நீலம்தான் பிடிக்கும். சின்ன வயதில் எங்கள் முகையூர்த் திருவிழாவில் அந்த நிற வளையலுக்காக அழுவாள். என் கையில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது பட்டையைக் காட்டிவிட்டு, மல்லாட்டை உரிக்கப் போய்விட்டேன். அதையே அடித்தார்கள்.

கல்யாணத்துக்கு வந்த அம்மா, என் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூமு நல்லாகீதுடி," என்றாள்.

"ஆமாம்மா. இது ஒண்ணுதான் என்னைக் கேட்டுப் பண்ணாங்க."